உலைக்குத் தப்பிய ரூபாய்

டீயை முதலில் குடியுங்கள் தம்பி. முடிச்சை அப்புறம் அவிழ்க்கலாம். நூறு வருஷம் பெட்டிக்குள் கிடந்த காசு, இன்னும் பத்து நிமிஷம் பொறுக்கும்.

பாட்டி போன பிறகு வீட்டை ஒழிக்கும்போது டிரங்குப் பெட்டியின் அடியில் இப்படி ஒரு துணி முடிச்சு கிடைப்பது நம் ஊரில் சகஜம். உள்ளே ராணி தலை, மொட்டைத்தலை ராஜா, கிரீடம் வைத்த ராஜா என்று வெள்ளி ரூபாய்கள். எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் நீங்கள் கேட்டதைத்தான் கேட்கிறார்கள்: "இது எவ்வளவு போகும்?" இந்தக் காசுக்கு இரண்டு விலை உண்டு. வெள்ளிக்கு ஒரு விலை. காசுக்கு ஒரு விலை. முதலாவது தினமும் பேப்பரில் வருகிறது. இரண்டாவது அப்படித் தினமும் அச்சாவதில்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் நல்ல காசை எடைக்குப் போட்டு ஏமாறுகிறார்கள். சிலர் சாதாரணக் காசை லட்சத்துக்குப் போகும் என்று பூட்டி வைத்துக் காத்திருக்கிறார்கள்.

முதலில் வெள்ளி விலையைப் பார்த்துவிடுவோம், அது சுலபம். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி, தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் போட்டது. எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. கணக்குப் போட்டால் ஒரு ரூபாய்க்குள் 10.69 கிராம் சுத்த வெள்ளி. இந்த அளவு 1835-லிருந்து 1939 வரை, நாலைந்து முடிசூட்டு விழாக்களையும் ஒரு உலகப் போரையும் தாண்டி, கொஞ்சமும் மாறவில்லை. அதனால்தான் ரூபாயே எடைக்கல்லாகிவிட்டது. நாட்டு மருந்துக் கடைப் பழைய கணக்கில் 'ஒரு ரூபாய் எடை சுக்கு' என்று இருக்கிறதே, அது இந்த 11.66 கிராம்தான், மூன்று ரூபாய் எடை ஒரு பலம். யாழ்ப்பாணத்துப் பெட்டகங்களிலும் இதே ரூபாய்தான் கிடைக்கும். இலங்கை சதக் காசுகளை வெள்ளியில் தனியாக அடித்துக்கொண்டதே தவிர, ரூபாய்க்கு இந்திய வெள்ளி ரூபாயையே வைத்துக்கொண்டது.

ஆக, இன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையை 10.69-ஆல் பெருக்குங்கள். அதுதான் உங்கள் காசின் தரைமட்டம். தேய்ந்த காசாக இருந்தால் கொஞ்சம் குறையும். கடைக்காரர் பழைய வெள்ளி என்று சொல்லி இன்னும் கொஞ்சம் கழிப்பார். அதற்கும் கீழே ஒருவர் விலை சொன்னால் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

ஆனால் எல்லா ராஜா காசுக்கும் இந்தப் பெருக்கல் செல்லாது. 1940-இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். பாதி வெள்ளி, மீதியில் பெரும்பங்கு செம்பு, கொஞ்சம் நிக்கல், கொஞ்சம் துத்தநாகம். எடை அதே 11.66. பார்வைக்கும் ஒன்றுபோல இருக்கும். ஆறாம் ஜார்ஜ் தலையோடு 1940 முதல் 1945 வரை வருஷம் போட்டவை எல்லாம் இந்த ரகம்; உள்ளே 5.83 கிராம் வெள்ளிதான். விளிம்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். பழைய ரூபாயின் விளிம்பில் நேர்க்கோடுகள் மட்டும் இருக்கும். 1940-க்குப் பிந்தியதில் அந்தக் கோடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் சுற்றிலும் ஓடும். கள்ளக் காசு அடிப்பவர்களைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. 1947-இல் புலி போட்டு வந்த ரூபாயில் வெள்ளியே கிடையாது, சுத்த நிக்கல். காந்தத்தைக் காட்டினால் ஓடி வந்து ஒட்டும்.

சந்தேகம் வந்தால் உரைகல்லில் தேய்க்க விடாதீர்கள், காசு பாழ். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முதலில் காசை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக இறக்குங்கள். டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. தராசு ஒரு சின்ன எண் காட்டும். அது காசு விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் 10.3-ஐ ஒட்டி வந்தால் பழைய தர வெள்ளி. 9.5-ஐ ஒட்டி வந்தால் பாதி வெள்ளி. 8.5 பக்கம் இறங்கினால் அது பித்தளைக்கு முலாம் பூசிய சமாச்சாரம். கைக்குக் காசு, கண்ணுக்குக் கணக்கு. காசுக்குக் கீறலும் இல்லை. தேய்மானமும் இதைப் பாதிக்காது, ஏனென்றால் நாம் பார்ப்பது எடையை அல்ல, அடர்த்தியை.

வெள்ளிப் பாடம் இவ்வளவுதான். இனி அந்த இரண்டாவது விலை.

"இது 1862 சார், நூற்று அறுபது வருஷத்துக் காசு!" என்று நிறையப் பேர் குரலை உயர்த்துவார்கள். பழசானால் விலை கூடும் என்பது நம் மனசில் ஊறிய கணக்கு. அந்த 1862-இன் கதையைக் கேளுங்கள். கம்பெனி போய் ராணியின் நேரடி ஆட்சி வந்தபின் புது ரூபாய் 1862 என்று வருஷம் போட்டு வந்தது. அதற்குப் பிறகு 1874 வரை அடித்த ரூபாய்களிலும் அந்த 1862-ஐ மாற்றவே இல்லை. எந்த வருஷம் அடித்தது என்று ஆலைக்காரர்களுக்கு மட்டும் தெரிய, மிகச் சின்னப் புள்ளிகளை வைத்துக்கொண்டார்கள். ஆக 1862 என்று போட்ட ரூபாய் பன்னிரண்டு வருஷ உற்பத்தி. தெருவுக்குத் தெரு கிடைக்கும். சேகரிப்பவர்கள் அதில் வருஷத்தைப் பார்ப்பதில்லை, பூதக்கண்ணாடி வைத்துப் புள்ளியை எண்ணுகிறார்கள். 1840 ரூபாய்க்கும் இதே கதைதான். இருபது வருஷம் அந்த ஒரே வருஷத்தைச் சுமந்தது.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. ஆற்காடு ரூபாய் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர் பெயரையும் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டையும் பாரசீக எழுத்தில் பொறித்து, தாமரை முத்திரையோடு கம்பெனியின் சென்னை நாணயச்சாலையில் அடித்தார்கள். ஹிஜ்ரி 1172 என்றால் 1758-59. ஆனால் அந்த ஆண்டைப் போட்டுக்கொண்டே பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அடித்தார்கள். அந்தப் பேரரசர் 1759-லேயே கொலையுண்டு போனவர். மக்கள் நம்பிய பழைய முகத்தை மாற்றினால் காசு செல்லாது போய்விடுமோ என்ற வியாபாரப் பயம்! புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்த ஆற்காடு ரூபாயில் பிறை இருக்கும். அந்த அனுமதியை அவர்கள் 1736-லேயே நவாப் தோஸ்த் அலியிடம் வாங்கிவிட்டார்கள். சென்னையில் தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் வந்தது அங்கே இருந்த நாணயச்சாலையால்தான், 1869-இல் மூடினார்கள். அந்தத் தெருவழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாமரை முத்திரை ஞாபகம் வரும்.

வயசு பொய் சொல்லும் என்றால், விலையை எது தீர்மானிக்கிறது? நான் கண்டவரை, உலைதான். எத்தனை அடித்தார்கள் என்பதைவிட எத்தனை உருகாமல் தப்பின என்பதுதான் கேள்வி. வெள்ளிக் காசின் சரித்திரமே அடிப்பதும் உருக்குவதுமாகப் போன சரித்திரம்.

1911-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடினார், புது ரூபாய் வந்தது. அரசரின் அங்கியில் ஒரு யானை, ஒரு விருதுச் சங்கிலியின் அடையாளம். செதுக்கியவர் தும்பிக்கையைக் குட்டையாகவும் கால்களைச் சின்னதாகவும் செதுக்கிவிட்டார். பார்த்தவர்களுக்கு யானை தெரியவில்லை, பன்றி தெரிந்தது. முஸ்லிம்களுக்கு ஆகாத பிராணி. 1857-இன் தோட்டா விவகாரத்தை மறக்காத அரசாங்கம் பதறிப்போய், மேலும் வெளியே விடாமல் நிறுத்தி, கையிருப்பை உருக்கச் சொன்னது. 90 லட்சத்துக்கு மேல் அடித்ததில் சுமார் 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது. அடுத்த வருஷமே தும்பிக்கை நீண்ட யானையோடு திருத்திய ரூபாய் வந்தது. அந்தப் 'பன்றி ரூபாய்'க்கு இன்றும் கிராக்கி உண்டு. வெள்ளி அதே 10.69 கிராம்தான்.

இதோ உங்கள் முடிச்சில் அதிகம் இருப்பது 1918. 40 கோடிக்கு மேல் அடித்த வருஷம் அது. சாதாரணம் என்றால் அவ்வளவு சாதாரணம். ஆனாலும் எனக்குப் பிடித்த காசு இதுதான், காரணம் சொல்கிறேன். முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து பிரிட்டன் மலைமலையாகச் சரக்கு வாங்கியது. அதற்கு வெள்ளி ரூபாயில் பணம் கொடுக்க வேண்டும். மக்கள் காகிதத்தை நம்பவில்லை. 1917-இல் ஒரு ரூபாய் நோட்டு அச்சிட்டும் வரிசையில் நின்று வெள்ளி கேட்டார்கள். வெள்ளி விலையோ ஏறிக்கொண்டே போக, ரூபாயை உருக்கி விற்றால் லாபம் என்ற நிலை நெருங்கியது. அரசாங்கம் காசு உருக்குவதைத் தடை செய்தது. கையிருப்பு வற்றியது. கடைசியில் அமெரிக்கா 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, தன் கஜானாவில் மூட்டை மூட்டையாகத் தூங்கிய வெள்ளி டாலர்களை உருக்கியது. உருக்கியவை 27 கோடி டாலர்; அதில் சுமார் 26 கோடி பிரிட்டன் வழியாக இந்தியாவின் ரூபாய்க்கு வந்தது. ஒரு டாலரின் வெள்ளியில் இரண்டேகால் ரூபாய் அடிக்கலாம். உங்கள் பாட்டியின் 1918-க்குள் மார்கன் டாலர் என்ற அந்த அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று கரைந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வேடிக்கை, எந்தெந்த வருஷத்து டாலர்களை உருக்கினார்கள் என்று அமெரிக்கர்கள் எழுதி வைக்கவில்லை. அதனால் மார்கன் டாலர் சேகரிப்பவர்கள் இன்றைக்கும் ஆலைக் கணக்கை நம்ப முடியாமல் தவிக்கிறார்கள். எத்தனை அடித்தார்கள் என்பது ஏட்டில் இருக்கிறது. எத்தனை நம் பக்கம் ரூபாயாகப் போயின என்பது ஏட்டில் இல்லை.

இரண்டாம் போரில் இதே நாடகம் இன்னும் பெரிதாக நடந்தது. 1940-இல் பிரான்ஸ் விழுந்ததும் இங்கே மக்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்க ஆரம்பித்தார்கள். வெள்ளியைப் பாதியாக்கியது அப்போதுதான். நல்ல காசும் மட்டக் காசும் ஒரே மதிப்பில் புழங்கினால் நல்லதை வீட்டில் வைத்துக்கொண்டு மட்டத்தைக் கடையில் நீட்டுவது மனித சுபாவம். 2,000 வருஷத்துக்கு முன்பும் அப்படித்தான் போலும்: கரூர், கோவை வட்டாரங்களில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை, கி.பி. 64-இல் நீரோ வெள்ளியைக் குறைப்பதற்கு முந்தியவை. நம் வியாபாரிகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1941-லிருந்து 1943-க்குள் விக்டோரியா, எட்வர்டு, ஜார்ஜ் என்று ஒவ்வொன்றாகப் பழைய தர ரூபாய்களைச் செல்லாததாக அறிவித்துத் திரும்ப வாங்கி உருக்கியது. போர்க்காலத்தில் அமெரிக்கா 22 கோடி அவுன்சுக்கு மேல் வெள்ளி கடன் கொடுத்தது. அதைப் பணமாக அல்ல, வெள்ளியாகவே திருப்ப வேண்டும். அந்தக் கடனுக்காகப் பாதி வெள்ளிக் காசுகளும் உலைக்குப் போயின. அதற்காகத்தான் 1947-இல் நிக்கல் ரூபாய் வந்தது. இந்த வலையில் அநேகமாக முழுசாகச் சிக்கியது 1939-ஆம் ஆண்டு ரூபாய். பழைய தரத்தில் அடித்த கடைசி வருஷம். வெளியே தப்பியது விரல் விட்டு எண்ணும்படி. அதனாலேயே போலி அதிகம். யாராவது 1939 என்று நீட்டினால் கடைசி '9'-ஐப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சுற்றியுள்ள தரை மற்ற இடத்தைப் போல வழுவழுப்பாக இருக்கிறதா, செதுக்கின சுவடு தெரிகிறதா என்று.

மிச்சத்தை நம் வீட்டுப் பெண்களும் பத்தர்களும் உருக்கினார்கள். கொலுசு, குங்குமச் சிமிழ், குழந்தைக்கு அரைஞாண், பாலாடைச் சங்கு எல்லாம் எங்கிருந்து வந்தன என்று நினைக்கிறீர்கள்? பத்து ரூபாய் கொடுத்தால் பத்து ரூபாய் எடைக்குச் சாமான். 1980-இல் உலகம் முழுவதும் வெள்ளி விலை உச்சத்துக்குப் போனபோது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜனங்கள் காசும் கரண்டியும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஒவ்வொரு முறை வெள்ளி விலை ஏறும்போதும் காசு குறைகிறது. சாதாரணக் காசு கொஞ்சம் கொஞ்சமாக அரிதாவது இப்படித்தான். ஆனால் 40 கோடியிலிருந்து அரிதாக வர நம் ஆயுசு போதாது.

அடுத்தது காசின் நிலை. இதில் நான் கொஞ்சம் கோபக்காரன். ஒரே வருஷம், ஒரே ஆலை, ஒரே வெள்ளி. ஒன்று எடை விலைக்குப் போகும், இன்னொன்று அதைப்போலப் பல மடங்கு. வித்தியாசம் ராஜாவின் காது மடலிலும் அங்கியின் பூ வேலையிலும் இருக்கிறது. மேடான இடங்கள் முதலில் தேயும். புழக்கத்தில் படாத காசில் தலைமுடி ஒவ்வொன்றாகத் தெரியும். ஆலையிலிருந்து வந்த மினுமினுப்பு, காசைச் சாய்த்தால் காற்றாடி போலச் சுழலும். 70 வரை மதிப்பெண் போடும் ஷெல்டன் அளவுகோல் 1949-இல் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக உண்டானது. இப்போது பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற அமெரிக்க நிறுவனங்கள் நம் ரூபாய்க்கும் அதே கோலைப் பிடித்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தருகின்றன. அந்தப் பெட்டிக்கும் போலி வந்துவிட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் இந்தக் காசுகளைத் திருநீறு போட்டுத் துலக்கிக் கொண்டு வந்திருக்கிறீர்களே! குத்துவிளக்கையும் வெள்ளிச் சொம்பையும் துலக்கலாம். காசை வேண்டாம். புளி, பற்பசை, எலுமிச்சை எதுவுமே வேண்டாம். நம் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறல் விழும்; அறிந்தவன் ஒரே பார்வையில் 'கழுவின காசு' என்று ஒதுக்கிவிடுவான். கறுத்து, ஓரத்தில் நீலமும் செம்மஞ்சளும் ஓடியிருந்தால் அதற்குத்தான் கூடுதல் விலை. அழுக்கு ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள்; ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு போடும். மெத்தென்று வளையும் மலிவு பிளாஸ்டிக் உறை சில வருஷத்தில் பச்சையாகக் கசிந்து காசை அரிக்கும். சாதாரணக் காகித உறைகூட அதைவிட மேல். கடற்கரை ஊர் என்றால் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று சேர்த்து வையுங்கள்.

இந்த வளையம் வைத்த காசு யாருடையது? காசு மாலையில் கோர்த்திருந்ததா? பொடி வைத்து ஊதியதில் மேல் விளிம்பு உருகியிருக்கிறது. வளையத்தை வெட்டி எடுத்து ராவினாலும் அடையாளம் போகாது. எடை விலைதான் இதற்கு. ஆற்காடு ரூபாயில் சராப்புகள் பரிசோதித்துக் குத்திய முத்திரை இருந்தால் அது வேறு விஷயம். விலை கொஞ்சம் குறைந்தாலும் அந்தக் காசு எந்தெந்தக் கடைவீதி வழியே வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. சிலர் அப்படிக் குத்துப்பட்ட காசுகளை மட்டுமே தேடுகிறார்கள்.

நீங்கள் மனசில் வைத்திருக்கும் இன்னொரு கேள்வி தெரிகிறது. "இப்போது வாங்கிப் போட்டால் பிள்ளைகள் காலத்தில் நல்ல விலை வருமா?" இதற்கு எண்ணால் பதில் சொல்கிறேன்.

1979-இல் டெக்சாஸின் ஹன்ட் சகோதரர்கள் உலக வெள்ளியை வாங்கி வாங்கிக் குவித்தார்கள். 1980 ஜனவரியில் ஒரு அவுன்சு 50 டாலரைத் தொட்டது. சந்தை நிர்வாகம் விதிகளை மாற்றியது. மார்ச் 27 அன்று எல்லாம் சரிந்தது. பிறகு இருபது வருஷத்துக்கு மேல் இறங்குமுகம், 2001-இல் 4 டாலரை ஒட்டிக் கிடந்தது. 2011 ஏப்ரலில் மறுபடி 50-ஐ நெருங்கித் திரும்பியது. அதைத் தெளிவாகத் தாண்ட 2025 அக்டோபர் ஆயிற்று. 1980-இன் உச்சியில் வாங்கியவன் அதே எண்ணைப் பார்க்க 45 வருஷம் காத்திருந்தான். அதற்குள் அமெரிக்காவில் விலைவாசி நான்கு மடங்கு. நமக்கு ஒரு ஆறுதல் உண்டு: 1980-இல் ஒரு டாலர் சுமார் 8 ரூபாய், 2025-இல் சுமார் 88. ஆகவே ரூபாய்க் கணக்கில் பதினோரு மடங்கு. பிரமாதமாகத் தெரிகிறதா? 45 வருஷத்துக்குப் பிரித்தால் ஆண்டுக்கு ஐந்தரை சதவீதம்கூட முழுசாக வராது. தபால் ஆபீஸ் பாஸ்புக்கு சண்டைக்கு வரும். நேர்மையாகச் சொல்வதானால், 2001-இல் வாங்கியவனுக்குக் கணக்கு முற்றிலும் வேறு. ஆனால் 2001-இல் யாருக்கும் வெள்ளி வாங்கத் தோன்றவில்லை. விலை ஏறிய பிறகுதான் எல்லோருக்கும் தோன்றுகிறது.

ஆகவே வெள்ளிதான் வேண்டுமென்றால் கட்டி வெள்ளி வாங்குங்கள். சாதாரண 1918-ஐக் காசுக்கடையில் வெள்ளி விலைக்கு மேல் கொடுத்து வாங்கி, விற்கும்போது வெள்ளி விலைக்குக் கீழே விற்பதில் இரண்டு பக்கமும் நஷ்டம். 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த பத்து ரூபாய் வெள்ளிக் காசில் 12 கிராம் வெள்ளி இருக்கிறது. முகமதிப்பைவிட உலோகம் பல மடங்கு. அதுகூடச் சேகரிப்புச் சந்தையில் அரிது அல்ல. கூடுதல் விலை நிற்பது இரண்டே ரகத்தில் என்பது என் எண்ணம்: உலை தின்றதால் குறைந்துபோனவை, அல்லது புழங்காமல் புதுக்கருக்கு மாறாதவை. இரண்டும் வேண்டுமென்றால் கடையில் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வருஷமாவது பார்த்துப் பழக வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் காசுக்கூடத்தில் ஒரு நாள் சும்மா நின்று பாருங்கள், கண் பழகும். பத்து மட்டமான காசு வாங்கும் பணத்தில் ஒரு நல்ல காசு வாங்குங்கள். இதைப் புதுசாகச் சேர்ப்பவர் எவரும் கேட்பதில்லை, ஆல்பம் நிறைய வேண்டுமே.

போலிகளைப் பற்றி நீட்ட மாட்டேன், ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ ஒரு பக்கம், மறுபக்கம் 'கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, அரை அணா' என்று ஒரு காசு சுற்றுகிறது. கம்பெனி அப்படி ஒன்றை அடித்ததே கிடையாது. கோயில் வாசலில் விற்ற வில்லைகள் அவை. அதை வைத்துத்தான் 'அரிசி இழுக்கும் காசு', 'இரிடியம் ஏறிய காசு, வெளிநாட்டுக் கம்பெனி கோடிக்கு வாங்கும்' என்று நம் மாவட்டங்களில் எத்தனை குடும்பங்கள் நகை அடகு வைத்து ஏமாந்தன! அரிசி காசிடம் வர, பசை தடவினால் போதும். போனில் கூப்பிட்டு, உங்கள் பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷனும் வரியும் கட்டுங்கள் என்பவனும் அதே ஜாதிதான். ரிசர்வ் வங்கி பெயரையே சொல்லுவான். எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நாங்கள் அப்படிக் கட்டணம் எதுவும் கேட்பதில்லை என்று வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கையே விட்டது.

சட்டமும் இரண்டு வார்த்தை. 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் நிறைந்த நாணயம் தொல்பொருள். வீட்டில் வைத்திருக்கத் தடை இல்லை. வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். நாட்டுக்கு வெளியே தனியார் யாரும் கொண்டுபோகக் கூடாது. உங்கள் முடிச்சில் 1944 தவிர மற்ற எல்லாமே இப்போது அந்தக் கணக்கில் வந்துவிட்டன. பழைய வீட்டை இடித்து அஸ்திவாரம் தோண்டும்போது செப்புப் பானையில் கிடைத்தால் கதை இன்னும் வேறு: 1878-ஆம் வருஷப் புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் என்றால் கலெக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அந்தப் பத்து ரூபாயை யாரும் இன்னும் உயர்த்தவில்லை.

சரி, முடிச்சில் இருப்பவற்றைப் பிரித்து வைப்போம். இந்த 1944-கள் பாதி வெள்ளி; பணமுடை இருந்தால் முதலில் இவற்றை எடைக்குக் கொடுக்கலாம், 5.83-ஆல் பெருக்கிக்கொண்டு போங்கள். 1918-களில் துலக்காமல் தப்பிய இந்த ஒன்றை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 1862 இரண்டிலும் புள்ளியை எண்ண வெளிச்சம் போதாது, நாளை காலையில் வாருங்கள், என் பூதக்கண்ணாடியில் பார்ப்போம். வளையம் வைத்ததைக் கறுப்புக் கயிற்றில் கோர்த்து உங்கள் பெண்ணுக்குப் போட்டுவிடுங்கள், அதற்கு இனிச் சந்தையில் இழக்க ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காகித உறை எடுத்து, இது பாட்டியின் பெட்டியிலிருந்து எந்த வருஷம் எடுத்தது, அவருக்கு எங்கிருந்து வந்ததாகச் சொன்னார் என்று பென்சிலால் உறையின் மேல் எழுதுங்கள். காசைப் போட்டுவிட்டு எழுதாதீர்கள், அழுத்தம் வெள்ளியில் பதியும். அடுத்த மாதம் அமெரிக்காவிலிருந்து அண்ணன் வரும்போது ஞாபகார்த்தமாக ரெண்டு கொடுத்தனுப்பலாம் என்று அம்மா சொன்னார்களாமே, 1944-இல் ரெண்டு கொடுக்கச் சொல்லுங்கள். ராணி காசு விமானம் ஏறக் கூடாது.